வெலிகாயாவின் சேபர் அணி ஆட்டத்தை நோட்டும் பேனாவுமாகப் பார்ப்பது எப்படி

ஒலிம்பிக் வாள்வீச்சில், சேபர் என்ற வாள் பிரிவில், மூன்று தடவை தனிநபர் இறுதிப் போட்டிக்குப் போய், மூன்று தடவையும் வெள்ளியோடு திரும்பியவர் சோஃபியா வெலிகாயா. லண்டன் 2012, ரியோ 2016, டோக்கியோ 2020. பதக்கப் பட்டியலை மட்டும் பார்க்கிறவர்கள் "பாவம், கடைசியில் கோட்டை விடுகிறவர்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அதைக் கேட்டால் மனசு ஆறாது. அதே ரியோவிலும் அதே டோக்கியோவிலும் ரஷ்ய அணி தங்கம் வாங்கியது, இரண்டு அணியிலும் இவர் இருந்தார். அணி ஆட்டத்தில் ஒருவர் என்ன செய்தார் என்பது டிவியில் ஓடும் மொத்த ஸ்கோரில் தெரியவே தெரியாது. ஒவ்வொரு சுற்றாக உட்கார்ந்து எழுதினால்தான் பிடிபடும். அதை எப்படி எழுதுவது என்று சொல்லத்தான் இது. வாள்வீச்சு பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் தாராளமாக வரலாம், வேலூரில் என் மாடியில் அக்கா பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்த அதே வரிசையில்தான் சொல்லப்போகிறேன்.

தேவையான சாமான்கள்: கோடு போட்ட நோட்டு ஒன்று, இரண்டு நிறத்தில் பேனா, ஒரு பிடி கோலமாவு, பழைய செய்தித்தாள் இரண்டு. வீடியோ யூடியூபில் கிடைக்கும். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும், டோக்கியோவில் ரஷ்யர்கள் தங்கள் நாட்டுக் கொடி இல்லாமல் 'ஆர்ஓசி' (ரஷ்ய ஒலிம்பிக் கமிட்டி) என்ற பெயரில்தான் ஆடினார்கள், அதனால் 'ரஷ்யா' என்று தேடிவிட்டு இல்லையே என்று விட்டுவிடாதீர்கள்.

முதல் வேலை மாடியில். வெயில் தாழ்ந்த பிறகு போங்கள், நம்ம ஊர் மே மாதத்தில் ஆறரை மணிக்கும் தரை காலைச் சுடும், ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் காயவிட்டால் நிற்கலாம். நடுவில் கோலமாவால் ஒரு கோடு. அதிலிருந்து இந்தப் பக்கம் இரண்டு மீட்டர், அந்தப் பக்கம் இரண்டு மீட்டர் அளந்து இன்னும் இரண்டு கோடுகள். நிஜ ஆடுகளம் 14 மீட்டர் நீளம், அகலம் ஒன்றரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர். அதற்கு 'பிஸ்ட்' என்று பெயர். அவ்வளவு நீளம் எந்த வீட்டு மாடியிலும் இருக்காது, வேண்டியதும் இல்லை, ஏனென்றால் சேபரில் நிறையப் பாயிண்ட் இந்த நாலு மீட்டருக்குள்ளேயே முடிந்துவிடும். ஒருவர் ஒரு கோட்டில், இன்னொருவர் எதிர்க்கோட்டில். முன்கால் எதிராளியைப் பார்த்து, பின்கால் பக்கவாட்டில், முட்டி லேசாக மடங்கி. இப்போது முன்னால் போங்கள், ஆனால் பின்கால் முன்காலைத் தாண்டக் கூடாது. சேபரில் அது விதி. முன்னேறும்போது கால் குறுக்கே தாண்டினால் நடுவர் அட்டை காட்டுவார். இந்த ஒரு விதியால்தான் சேபர்காரர்கள் நண்டு மாதிரி இழுத்து இழுத்து நடப்பதுபோல் தெரிகிறது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இரண்டு எட்டு வைத்துப் பாருங்கள், மூக்குக்கு மூக்கு வந்துவிடும். டிவியில் கண் இமைப்பதற்குள் ஏன் முடிந்துபோகிறது என்பது இந்த இரண்டு எட்டில் புரிந்துவிடும்.

சேபரில் இடுப்புக்கு மேலே பட்டால் பாயிண்ட். உடம்பு, மணிக்கட்டு வரை கை, தலை, எல்லாம். குத்தவும் செய்யலாம், வெட்டவும் செய்யலாம், பெரும்பாலும் வெட்டுதான். வாளின் எடை 500 கிராமுக்கு மேல் போகக் கூடாது, கடைக்காரர் நிறுத்துத் தரும் அரைக் கிலோ தக்காளி கனம்கூட இல்லை. மேல்சட்டையும் முகமூடியும் மின்சாரம் கடத்தும் உலோக இழை போட்டவை, வாள் பட்டதும் விளக்கு எரியும்.

இங்கேதான் எல்லாரும் குழம்புவது. என் அக்கா பெண் கோட்டை மைதானத்துப் பக்கம் சிலம்பம் கற்றுக்கொள்கிறவள், ஒன்பதாவது படிக்கிறாள். முதல் வீடியோவிலேயே கேட்டாள்: "இன்னா மாமா, ரெண்டு பேருக்கும் லைட்டு எரிஞ்சிது, அதெப்படி ஒருத்தருக்கு மட்டும் பாயிண்ட் குடுக்கறாங்க?" சரியான கேள்வி. அவளுக்குப் பழக்கமான கணக்கு யார் முதலில் தொட்டார் என்பது. சேபரில் கேள்வியே வேறு: யாருக்கு உரிமை இருந்தது?

உரிமை என்றால், யார் முதலில் கையை நீட்டி, தொடர்ச்சியாக எதிராளியை மிரட்டிக்கொண்டு தாக்குதலைத் தொடங்கினார் என்று பார்ப்பது. இரண்டு விளக்கும் எரிந்தால் தாக்கியவருக்கே பாயிண்ட், அந்த நேரத்தில் எதிராளி சும்மா கையை நீட்டித் தொட்டிருந்தாலும் அது செல்லாது. தாக்கியவரின் வாளைத் தட்டி விலக்கிவிட்டால் உரிமை கை மாறும், தட்டியவர் திருப்பி அடித்தால் அவருக்குப் பாயிண்ட். தாக்கியவர் எட்டாமல் காற்றில் வீசினாலும் உரிமை போய்விட்டது, அடுத்த தாக்குதல் எதிராளியுடையது. இரண்டு பேரும் ஒரே கணத்தில் ஒரே மாதிரி பாய்ந்தால் யாருக்கும் இல்லை, மறுபடி கோட்டுக்குப் போக வேண்டியதுதான்.

படித்தால் மண்டைக்குள் போகாது. செய்தித்தாளை இறுக்கிச் சுருட்டி ஆளுக்கொன்று வைத்துக்கொண்டு, தண்ணீருக்குள் நடப்பதுபோல் மெதுவாகச் செய்து பாருங்கள். தலையில் அடிக்கக் கூடாது, தோளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், முகமூடி இல்லாமல் வேகம் கூடாது, சின்னப் பிள்ளைகள் இருந்தால் இது கண்டிப்பு. மூன்றாவது ஆள் நடுவர். ஒவ்வொரு தடவையும் அவர் வாயால் சொல்ல வேண்டும்: "இவர் தாக்கினார், அவர் தட்டினார், திருப்பி அடித்தார், பாயிண்ட் அவருக்கு." பத்து தடவை வாயால் சொன்ன பிறகு வீடியோவுக்கு வாருங்கள், யூடியூபில் வேகத்தைக் கால்வாசிக்குக் குறையுங்கள். நடுவர் கையசைப்பதற்கு முன் நிறுத்தி, உங்கள் தீர்ப்பைச் சொல்லிவிட்டு ஓட்டுங்கள். பத்தில் ஆறு ஒத்துப்போனால் போதும், மேலே போகலாம். ஆட்டக்காரர் காற்றில் விரலால் ஒரு சதுரம் வரைந்து காட்டினால், வீடியோவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று நடுவரிடம் கேட்கிறார் என்று அர்த்தம். அந்த இடங்களை மட்டும் இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பாருங்கள், நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

இனி நோட்டு. என் மனசுக்குப் பிடித்த பகுதி இது.

ரியோவிலும் டோக்கியோவிலும் இருந்த முறை இப்படி: ஒரு அணியில் களத்தில் மூன்று பேர், ஒரு மாற்று ஆள். இந்த மூன்று பேரும் அந்த மூன்று பேரோடும் ஒவ்வொரு தடவை மோதுவார்கள், ஆக ஒன்பது சுற்று. முதல் சுற்று யாராவது ஐந்தைத் தொட்டதும் நிற்கும். இரண்டாவது, பத்தைத் தொட்டதும். மூன்றாவது, பதினைந்தை. இப்படியே போய் ஒன்பதாவது சுற்றில் 45-ஐ முதலில் தொடும் அணிக்கு வெற்றி. ஸ்கோர் அழியாது, முன்னவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடர வேண்டும். அதாவது ஒருவர் செய்த தப்பை அடுத்தவர் தலையில் சுமந்துகொண்டுதான் கோட்டில் வந்து நிற்பார்.

நோட்டில் ஒன்பது வரி போடுங்கள். ஒரு அணிக்கு 1, 2, 3 என்றும் மற்ற அணிக்கு 4, 5, 6 என்றும் எண். மோதும் வரிசை: 3-6, 1-5, 2-4, 1-6, 3-4, 2-5, 1-4, 2-6, 3-5. இந்த வரிசையை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். 3 என்ற எண் எடுத்தவர் முதல் சுற்றிலும் நடுச் சுற்றிலும் கடைசிச் சுற்றிலும் வருகிறார் பாருங்கள், எதிர் அணியில் கடைசியாக வருகிறவர் 5. அணியில் நரம்பு கெட்டியானவரை அங்கே நிறுத்துவது வழக்கம்.

ஒவ்வொரு வரியிலும் நாலு கட்டம்: சுற்று தொடங்கும்போது ஸ்கோர், முடியும்போது ஸ்கோர், நம்மவர் போட்டது, வாங்கியது. கடைசி இரண்டையும் கழித்தால் வருவதுதான் நாம் தேடுவது. பழகுவதற்கு நானே போட்ட ஒரு கணக்கு: முதல் சுற்றில் நம்மவர் 5-2. போட்டது 5, வாங்கியது 2, ஆக கூட்டல் 3. அடுத்தவர் 5-2-இல் தொடங்கி 8-10-இல் முடிக்கிறார். போட்டது 3, வாங்கியது 8, கழித்தல் 5. மூன்றாமவர் 8-10-இல் தொடங்கி 15-12-க்குக் கொண்டு போகிறார். போட்டது 7, வாங்கியது 2, கூட்டல் 5. டிவியில் தெரிவது 15-12 மட்டும்தான், பார்க்கிறவர்கள் அணி நிதானமாக முன்னால் போகிறது என்று நினைப்பார்கள். நோட்டில் பார்த்தால் நடுவில் அணி கவிழ்ந்து, ஒருத்தி கை கொடுத்துத் தூக்கி நிறுத்தியிருக்கிறாள். பின்தங்கிய அணிக்காரர் ஒரே சுற்றில் ஐந்துக்கு மேலும் போடலாம் என்பதைக் கவனியுங்கள், அடுத்த இலக்கைத் தொடும்வரை அவருக்கு இடம் இருக்கிறது. அதனால்தான் சேபர் அணி ஆட்டத்தில் எட்டு, பத்து பாயிண்ட் வித்தியாசம்கூட மூச்சு விடும் நேரத்தில் கரைந்துபோகும். டோக்கியோவில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஐந்து சுற்று முடிந்தபோது தென்கொரியா இத்தாலியிடம் 15-25 என்று கிடந்தது. முடிவு 45-42, கொரியாவுக்கு.

சரி, வெலிகாயாவுக்கு வருவோம். இந்த வரிசையில் பாருங்கள் என்பது என் அபிப்பிராயம், மாற்றிப் பார்த்தால் ருசி குறையும்.

முதலில் ரியோ தனிநபர் இறுதி, 2016 ஆகஸ்ட் 8. எதிரே சொந்த அணிக்காரி யானா எகோரியன். 15-14. ஒரே ஒரு பாயிண்ட்டில் தங்கம் நழுவியது. கடைசி மூன்று பாயிண்ட்டைக் கால் வேகத்தில் பாருங்கள். அதற்கு முன்னால் இவருடைய பின்கதையையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்: 1985-இல் அல்மாட்டியில் பிறந்தவர், பெய்ஜிங் 2008-இல் வெண்கலத்துக்கான ஆட்டத்தை அமெரிக்காவின் பெக்கா வார்டிடம் 14-15 என்று விட்டு நாலாம் இடம், 2011-இல் உலக சாம்பியன், லண்டனில் கொரியாவின் கிம் ஜி-யோனிடம் இறுதியில் 9-15. லண்டனில் பெண்கள் சேபர் அணிப் போட்டியே கிடையாது, அப்போதெல்லாம் அணிப் போட்டிகளைச் சுழற்சியில் விட்டுவிட்டு நடத்துவார்கள், அந்தத் தடவை விடுபட்டதில் பெண்கள் சேபரும் ஒன்று. பிறகு 2013-இல் குழந்தை பெற்றார். திரும்பி வந்து 2015-இல் மாஸ்கோ உலகப் போட்டியில் தனிநபர் தங்கம், அணித் தங்கம் இரண்டையும் வாங்கினார். பிரசவம் முடிந்து இடுப்பும் தொடையும் பழைய கட்டுக்கு வருவதற்கே எவ்வளவு நாள் ஆகும் என்று வீட்டில் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், சேபர் முழுக்க முழுக்கத் தொடையால் ஆடும் ஆட்டம்.

அடுத்தது ஆகஸ்ட் 13, அதே ரியோ. ஐந்தே நாள் கழித்து. தன்னிடமிருந்து ஒரு பாயிண்ட்டில் தங்கத்தை எடுத்துக்கொண்ட அதே எகோரியனோடு ஒரே பெஞ்சில் வெலிகாயா. அணியில் எகடெரினா தியாச்சென்கோவும் யூலியா கவ்ரிலோவாவும். அரையிறுதியில் அமெரிக்காவை 45-42 என்று தாண்டினார்கள், இறுதியில் உக்ரைனை 45-30. நோட்டு போட ஆரம்பிக்கிறவர்கள் அரையிறுதியில் ஆரம்பியுங்கள். 45-30 ஆட்டம் பார்க்க அழகு, ஆனால் பாடம் முழுக்க 45-42-இல் இருக்கிறது. மூன்றே பாயிண்ட் வித்தியாசம் என்றால் ஒன்பது வரியில் எந்த வரி அணியைக் காப்பாற்றியது என்று நோட்டு சொல்லிவிடும்.

அப்புறம் டோக்கியோ. இங்கே நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிக் கொக்கி இருக்கிறது. 2021 ஜூலை 26 அன்று காலையில் நாமெல்லாம் சென்னை பவானி தேவிக்காக டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோமே, ஒலிம்பிக் வாள்வீச்சுக்குப் போன முதல் இந்தியர், துனிசியாவின் நாடியா பென் அசிசியை 15-3 என்று வென்றுவிட்டு, அடுத்த சுற்றில் பிரான்ஸின் மனோன் ப்ரூனேயிடம் 7-15 என்று தோற்றார். அன்றைக்கே ப்ரூனே வெண்கலம் வாங்கினார். அன்றைக்கே இறுதியில் வெலிகாயா மறுபடியும் சொந்த அணிக்காரியிடமே தோற்றார், இந்தத் தடவை சோஃபியா போஸ்ட்னியாகோவா, 15-11. இந்தப் பெண்ணின் அப்பா ஸ்டானிஸ்லாவ் போஸ்ட்னியாகோவ். 1992, 1996, 2000 என்று மூன்று ஒலிம்பிக்கில் சேபர் அணித் தங்கம் வாங்கியவர், 1996-இல் தனிநபர் தங்கமும் உண்டு. வெலிகாயாவுக்கு அப்போது 36 வயது, போஸ்ட்னியாகோவாவுக்கு 24.

மறுபடியும் ஐந்து நாள். ஜூலை 31. ரியோவில் நடந்தது அப்படியே திரும்பி வந்தது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்: இறுதியில் தோற்கடித்தவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் போடும் ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் இவர் எழுந்து நின்று கத்துகிறார். கூட ஓல்கா நிகிடினா, ஸ்வெட்லானா ஷெவெலேவா. இறுதியில் எதிரே பிரான்ஸ், அதில் நமக்குத் தெரிந்த ப்ரூனே. 45-41. நாலு பாயிண்ட்.

இந்த ஆட்டத்துக்கு நோட்டில் இரண்டு நிறப் பேனாவையும் எடுங்கள். வெலிகாயாவின் மூன்று வரி சிவப்பில். போட்டதை மட்டும் பார்க்காமல் வாங்கியதையும் பாருங்கள், அணி ஆட்டத்தில் ஒருவர் 5-4 என்று முடித்தால் அது வெறும் கூட்டல் ஒன்றுதான், ஆனால் முன்னால் இருக்கும் அணிக்கு அந்த 5-4 பொன் மாதிரி, முன்னணி குறையாமல் ஒரு சுற்று கழிந்துவிட்டது. பின்தங்கிய அணிக்கு அதே 5-4 போதவே போதாது. ஆகவே எண்ணுக்குப் பக்கத்தில் சுற்று தொடங்கியபோது அணி முன்னாலா பின்னாலா என்று ஒரு எழுத்துப் போட்டுவிடுங்கள், மு, பி. என் அக்கா பெண் நோட்டில் முதல் நாள் இது இல்லை, இரண்டாம் நாள் அவளே சேர்த்தாள். நான் யோசிக்காத விஷயம் அது.

சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே கேமரா பெஞ்சைக் காட்டும். தள்ளி ஓட்டிவிடாதீர்கள். இறங்கி வருகிறவரிடம் ஏறப்போகிறவர் என்ன கேட்கிறார், யார் யார் கையைத் தட்டுகிறார்கள், தோற்று வந்தவரிடம் யார் முதலில் போகிறார்கள், இதெல்லாம் ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள். மொழி புரிய வேண்டாம். கல்யாண வீட்டில் பந்தி நடத்துகிறவர்களைத் தூரத்திலிருந்து பார்த்தாலே யார் பொறுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரியுமே, அது மாதிரி.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஆட்டம் அவசியம்: பாரிஸ் 2024, பெண்கள் சேபர் அணி இறுதி. 2022-இல் உக்ரைன் மீது போர் தொடங்கிய பிறகு ரஷ்ய அணிகளைச் சர்வதேச வாள்வீச்சில் நிறுத்திவைத்தார்கள், பாரிஸில் ரஷ்ய வாள்வீச்சுக்காரர்கள் யாரும் இல்லை. ரியோவில் ரஷ்யாவிடம் 45-30 என்று தோற்ற உக்ரைன் அணியில் இருந்த ஓல்கா கார்லான் இங்கே இறுதியில் கொரியாவுக்கு எதிராகக் கடைசிச் சுற்றுக்கு வரும்போது அணி 37-40 என்று பின்னால். எட்டு போட்டார், இரண்டு வாங்கினார். 45-42. ஒரே வரியில் கூட்டல் 6. இந்த வரியை எழுதும்போது எந்த ஊர்க்காரருக்கும் கை நடுங்கும். வெலிகாயாவின் பக்கங்களுக்கு அடுத்த பக்கத்தில் இதை எழுதி வைத்துக்கொண்டால், ஓட்டத்தை முடித்து வைக்கிறவர் யார், ஓட்டம் உடையாமல் பிடித்துக்கொள்கிறவர் யார் என்ற வித்தியாசம் எண்ணிலேயே தெரியும்.

வீட்டில் பிள்ளை இதையெல்லாம் பார்த்துவிட்டு நானும் கற்றுக்கொள்கிறேன் என்று நின்றால், வேலூர் நேதாஜி ஸ்டேடியத்தில் விசாரிப்பதில் தொடங்குங்கள், வாள்வீச்சுப் பயிற்சி எங்கே நடக்கிறது என்று அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சாமான் செலவை நினைத்து முதல் நாளே பயப்பட வேண்டாம். பவானி தேவியே ஆரம்பத்தில் மூங்கில் குச்சியில் பழகியவர்தான். முதல் ஆறு மாதம் காலுக்குத்தான் வேலை, கோலமாவுக் கோடு அதற்குப் போதும். சத்துவாச்சாரியிலிருந்து ஒரு பையன், சதீஷ் சிவலிங்கம், பளுதூக்குதலில் 2014-லும் 2018-லும் காமன்வெல்த் தங்கம் கொண்டுவந்த ஊர் இது. தொடையில் பலம் வைத்த பிள்ளைகளுக்கு இங்கே பஞ்சம் இல்லை.

டோக்கியோ இறுதியை முதல் தடவை எழுதி முடித்ததும் நோட்டை மூடிவிடாதீர்கள். மறுநாள் அதே ஆட்டத்தைப் பிரான்ஸ் பக்கமிருந்து எழுதுங்கள், ப்ரூனேயின் மூன்று வரியைச் சிவப்பில். பவானியை 15-7 என்று வென்ற கை, ஐந்து நாள் கழித்து இந்த ரஷ்யர்களிடம் ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை போட்டது, எத்தனை வாங்கியது என்று வரிசையாக வந்துவிடும். என் அக்கா பெண் இப்போது அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறாள், நாலாவது சுற்றில் ஒரு பாயிண்ட் யாருக்கு என்று நடுவரோடு ஒத்துப்போகாமல் மூன்று நாளாக அதையே ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.